புது ஃபிளாக்‌ஷிப் ஆண்ட்ராய்டு போன்: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து பழைய போனை அழிப்பது வரை

ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய போனை வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் விற்பவர் கேமராவின் மெகாபிக்சலையும் இஎம்ஐ கணக்கையும் சொல்வார். வீட்டுக்கு வந்தபிறகு எதை முதலில் செய்ய வேண்டும், எதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. முதன்முறையாக இந்த விலைக்கு ஃபிளாக்‌ஷிப் போன், அதாவது ஒரு கம்பெனியின் உச்ச மாடல், வாங்குகிறவர்களுக்காக அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் அறிமுகமான மாடல் இது. 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பிடம் உள்ள போனுக்கு இந்தியாவில் அறிமுக விலை 1,29,999 ரூபாய். நீங்கள் பிக்சலோ ஒன்பிளஸோ வாங்கியிருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்; மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கு. இந்தப் போனுக்கு 7 ஆண்டுகள் ஆண்ட்ராய்டு அப்டேட்டும் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாக சாம்சங் சொல்லியிருக்கிறது. 7 ஆண்டும் வைத்திருந்தால் போனுக்கு ஆண்டுச் செலவு சுமார் 18,500 ரூபாய். 2 ஆண்டில் மாற்றினால் 65,000. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றுகிற செலவைச் சேர்த்தாலும் நீண்ட நாள் வைத்திருப்பதுதான் லாபம். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தப் போன் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன்

பெட்டியின் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போனை ஆன் செய்ததும் டயலரில் *#06# என்று அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். அந்த 15 இலக்க எண், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், பில்லில் அச்சிட்டிருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் ஐஎம்இஐ இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள். நாளைக்குப் போன் தொலைந்தால் புகார் கொடுக்கவும், வாரண்டி கேட்கவும் அந்தப் பில்தான் கை கொடுக்கும். அதைப் போட்டோ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். போனிலேயே வைத்தால் போனோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

ஆன்லைனில் வாங்கியதென்றால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அப்புறம் ஐஎம்இஐ எண் என்று டைப் செய்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் எந்த மாடலுக்கு உரியது, அது முடக்கப்பட்ட எண்ணா என்ற விவரம் பதிலாக வரும். இது தொலைத்தொடர்புத் துறையின் சேவை. பழைய போன் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது.

பெட்டிக்குள் போன், ஒரு டைப்‑சி கேபிள், சிம் டிரேயைத் திறக்கும் ஊசி, அவ்வளவுதான். திரையில் எழுதும் பேனாவான எஸ் பென் போனுக்குள்ளேயே இருக்கும். சார்ஜர் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே 80 வாட்ஸ், 100 வாட்ஸ் என்று போட்ட வேறு கம்பெனி சார்ஜர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். சார்ஜ் ஏறும், ஆனால் வேகம் பெரும்பாலும் கிடைக்காது. அந்தச் சார்ஜர்கள் தங்கள் கம்பெனிக்கே உரிய முறையில் வேகம் காட்டுபவை. இந்தப் போனுக்கு வேண்டியது, யுஎஸ்பி பவர் டெலிவரி, பிபிஎஸ் என்ற பொதுவான வேகச் சார்ஜ் முறைகள் உள்ள சார்ஜர். வாங்கும்போது பிபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முழு 45 வாட்ஸ் வேகம் வேண்டுமென்றால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். 45 வாட்ஸில் அரைமணி நேரத்தில் 65 சதவீதம் வரை ஏறும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. இரவில் மட்டும் சார்ஜ் போடுகிறவருக்கு 25 வாட்ஸ் சார்ஜரே தாராளம்.

மெமரி கார்டு போட இடம் இல்லை என்பதையும் கடையிலேயே நினைவில் வையுங்கள். குழந்தைகளை வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பவர், வாட்ஸ்அப் குரூப் நிறைய வைத்திருப்பவர் 512 ஜிபி எடுப்பது நல்லது. பின்னால் சேர்க்க வழியே இல்லை.

ஒட்டுக் கண்ணாடி விஷயம்

கடைக்காரர் உடனே டெம்பர்டு கிளாஸ் ஒட்டித் தர வருவார். கொஞ்சம் பொறுங்கள். எஸ்25 அல்ட்ராவின் திரையில் இருப்பது கொரில்லா ஆர்மர் 2 என்ற கண்ணாடி. வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசாமல் இருக்க அதன் மேல் ஒரு பூச்சு உண்டு. வெயிலில் நின்று மேப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். சாதாரணக் கண்ணாடியை மேலே ஒட்டினால் அந்தப் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண். பசை ஊற்றி யுவி விளக்கில் காயவைக்கும் வகையில் இன்னொரு ஆபத்து: பசை ஸ்பீக்கர் இடுக்கில் வழிந்து இறங்கலாம். என் கருத்து, மூலைகள் தடித்த நல்ல பேக் கேஸ் ஒன்று போதும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் கண் கூசுவதைத் தடுக்கும் மெல்லிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எதுவானாலும் கைரேகை பதிவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். இந்தப் போனின் கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருந்துகொண்டு ஒலி அலைகளால் விரலைப் படிக்கிறது. நடுவில் புதிதாக ஒரு படலம் வந்தால் முன்பு பதிந்த ரேகை அதற்குப் புரியாமல் போகும்.

பழைய போனிலிருந்து குடிபெயர்வது

இதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். வேலைக்கு நடுவே செய்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இரண்டு போனிலும் 70 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். புது போனை ஆன் செய்து, வைஃபையில் சேர்த்து, கூகுள் கணக்கில் நுழையுங்கள். பிறகு ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற ஆப் பழைய போனிலிருந்து எடுத்து வரட்டுமா என்று கேட்கும். டைப்‑சி கேபிளால் இரண்டு போனையும் நேராக இணைத்தால் வைஃபையைவிட வேகமாக முடியும். ஐபோனிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே ஆப்தான்.

எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டுமா? தொடர்பு எண்கள், போட்டோ, வீடியோ, எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை மட்டும் டிக் செய்து, ஆப்களை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. நான்கைந்து வருடமாகச் சேர்ந்த, திறந்தே பார்க்காத ஆப்கள் எல்லாம் புது வீட்டுக்கும் வந்து பேட்டரியைத் தின்ன வேண்டாம். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பழைய ஆப்களில் பாதியைத் தேடவே இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வாட்ஸ்அப்பைத் தனியாக நகர்த்த வேண்டும். வரிசை முக்கியம்:

1. பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் ஸ்டார்ட் தட்டுங்கள்.
2. புது போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணை ஓடிபியால் உறுதி செய்யுங்கள்.
3. பழைய போனிலிருந்து மாற்றலாமா என்று புது போன் கேட்கும். சரி என்றால் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும்.
4. பழைய போனால் அந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள். முடியும் வரை இரண்டு போனையும் பக்கத்திலேயே வையுங்கள், திரையை அணைக்காதீர்கள்.

இப்படிச் செய்தால் கூகுள் டிரைவில் பேக்கப் எடுக்கத் தேவையில்லை. டிரைவ் பேக்கப் இப்போது உங்கள் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகிறது. பல வருட வீடியோக்கள் உள்ள வாட்ஸ்அப் அதில் அடங்காது.

இனி எல்லோரும் திணறும் இடம்: வங்கி ஆப்களும் யுபிஐயும். இவை சிம்மோடு கட்டப்பட்டவை. வங்கியில் பதிவான எண்ணின் சிம் புது போனுக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். அது போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு திறக்கும். அதனால் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் அனுப்பும் பேலன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் இருந்தால் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செய்து பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இந்த நான்கில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று மிக முக்கியம். போன் மாற்றியதும் முதல் 24 மணி நேரத்துக்கு யுபிஐயில் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைப்பார்கள். பொதுவாக 5,000 ரூபாய். மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ பணம் கட்ட வேண்டியவருக்கு இது பெரிய நெருக்கடி. அப்படி ஒரு வேலை காத்திருந்தால் போன் மாற்றுவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

சிம் போடும்போது போனின் கீழ் விளிம்பைக் கவனியுங்கள். அங்கே டிரேயின் துளையும் மைக்கின் துளையும் இரண்டும் இருக்கும். டிரேயின் கோட்டுக்குள் அமைந்த துளையில்தான் ஊசி போக வேண்டும். மைக் துளையில் அழுத்தினால் நீங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்காமல் போக வாய்ப்பு உண்டு.

பூட்டும் காவலும்

முதலில் 6 இலக்கப் பின். பிறந்த வருடமும் வண்டி நம்பரும் வேண்டாம். பிறகு கைரேகை: இரண்டு கைக் கட்டைவிரல்களும், வலது கட்டைவிரல் மட்டும் இரண்டாவது முறையும் என்று மூன்று பதிவு செய்துவிட்டால் வியர்த்த கையிலும் ஓரளவு திறக்கும்.

செட்டிங்ஸின் மேல் பகுதியில் தேடும் வசதி உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எந்த வசதியையும் அங்கே பெயர் போட்டுத் தேடிக்கொள்ளலாம். மெனுவின் இடம் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறும், தேடல் மாறாது. இப்போது தெஃப்ட் புரொடெக்‌ஷன் என்று தேடுங்கள். யாராவது போனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் அந்த அசைவை உணர்ந்து தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அதற்குள் இருக்கிறது. நெட் இணைப்பைத் துண்டித்தால் பூட்டும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் ஆன் செய்யுங்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பார்க்கும் நம் பழக்கத்துக்கு இது அவசியம்.

போன் திருடு போனால் திருடன் முதலில் செய்வது சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவது. ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். இதைத் தடுக்க சிம் லாக் என்று ஒரு ஏற்பாடு காலங்காலமாக இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. சிம் கார்டுக்கே ஒரு பின் வைப்பது அது. வேறு போனில் போட்டாலும் பின் கேட்கும். ஆனால் இதைத் தொடுவதற்கு முன் உங்கள் சிம்மின் ஆரம்பப் பின் என்ன என்று சிம் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊகித்துப் போட்டு மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான பியுகே எண்ணைக் கேட்கும். கார்டே இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இசிம்முக்கு மாறினால் கழற்றுவதற்கே ஒன்றும் இருக்காது. இந்தப் போனில் அதற்கும் வழி உண்டு.

கூகுள் கணக்கின் மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையே கொடுத்திருப்பீர்கள். போன் தொலைந்தால் அந்த ஓடிபி தொலைந்த போனுக்குத்தான் போகும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். பிறகு தொலைந்த போனைத் தேட உதவும் கூகுளின் ஃபைண்ட் ஹப் ஆன் ஆகியிருக்கிறதா பார்த்து, வேறொரு போனிலிருந்து ஒருமுறை உங்கள் போனை ஒலிக்கச் செய்து பழகுங்கள். தொலைந்த நாளில் பதற்றத்தோடு கற்றுக்கொள்ள முடியாது. அப்படியே தொலைந்துவிட்டால், போலீஸ் புகார் நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயை முடக்கலாம். கிடைத்தபின் அங்கேயே விடுவிக்கவும் செய்யலாம்.

ஆட்டோ பிளாக்கர் என்ற வசதி பிளே ஸ்டோருக்கும் கேலக்ஸி ஸ்டோருக்கும் வெளியிலிருந்து ஆப் நிறுவுவதைத் தடுக்கும். அதை அணைக்கவே அணைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பி, அதைத் திறந்தவரின் வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள். பத்திரிகை ஒரு படமாகவோ பிடிஎஃபாகவோ வரும், ஆப்பாக வராது. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லிக் கொடுங்கள்.

பேட்டரி

முதல் சில நாட்களில் சார்ஜ் வேகமாக இறங்கும். போன் கெட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். ஆயிரக்கணக்கான போட்டோக்களைப் பிரித்து அடுக்குவது, ஆப்களைப் புதுப்பிப்பது எல்லாம் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, முழுச் சார்ஜிலேயே நீண்ட நேரம் இருப்பது. நம் ஊரில் சூடுதான் முதல் எதிரி. சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போட்டால் போன் கொதிக்கும். திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும். இது கோளாறு கிடையாது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஹோல்டரை ஏசி காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் வழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

இரண்டாவது எதிரிக்கு செட்டிங்ஸில் பேட்டரி புரொடெக்‌ஷன் இருக்கிறது. அதில் மேக்ஸிமம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும். 85, 90, 95 என்றும் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் ஆபீசிலும் சார்ஜர் பக்கத்திலேயே இருக்கிறவர்கள் 80 வையுங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரியில் 80 சதவீதம் சாதாரண நாளை ஓட்டிவிடும். ஊருக்குப் போகிற நாளில் மட்டும் அணைத்து முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெளியே சுற்றும் வேலை என்றால் இதைப் பற்றிக் கவலையே படாமல் 100 வரை ஏற்றுங்கள். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக மாலை நாலு மணிக்குப் போன் அணைந்து நிற்பதில் அர்த்தமில்லை.

சமீபத்தில் திறந்த ஆப்களை எல்லாம் அடிக்கடி மேலே தள்ளி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. 12 ஜிபி ரேம் உள்ள போனில் அது தேவையே இல்லை. மறுபடி முதலிலிருந்து திறக்க வைத்து பேட்டரியைத்தான் கூடுதலாகச் செலவழிப்பீர்கள். எப்போதோ ஒருமுறை திறக்கும் ஆப்களை, பின்னணியில் ஓடவிடாமல் தடுக்கும் டீப் ஸ்லீப் பட்டியலில் போடுங்கள். வாட்ஸ்அப், வங்கி, மெயில், அலாரம் ஆகியவற்றை அதில் போட்டுவிடாதீர்கள், அறிவிப்பு வராது.

கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வசதி: கேம் பூஸ்டரில் யுஎஸ்பி பவர் டெலிவரியை நிறுத்தி வைக்கும் தேர்வு உண்டு. அதை ஆன் செய்தால் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராகப் போனை ஓட்டும். சூடு நன்றாகக் குறையும்.

பட்டன்களும் சைகைகளும்

புது போனை எப்படி அணைப்பது என்றே முதல் நாளில் பலர் தவிக்கிறார்கள். பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினி வந்து நிற்கிறது. அணைக்க வேண்டுமென்றால் அதே பட்டனோடு வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். பழைய பழக்கமே வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சைடு பட்டன் என்று தேடி மாற்றிவிடலாம்.

சாம்சங்கின் ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யுஐயில், 7ஆம் பதிப்பு முதல் அறிவிப்புகளும் வைஃபை, டார்ச் போன்ற பட்டன்களும் தனித்தனியாக வருகின்றன. திரையின் மேல் வலது மூலையிலிருந்து இழுத்தால் பட்டன்கள், மற்ற இடத்திலிருந்து இழுத்தால் அறிவிப்புகள். பிடிக்காவிட்டால் பட்டன் பக்கத்தில் உள்ள பென்சில் குறியைத் தட்டி, பேனல் செட்டிங்ஸ் போய் டுகெதர் என்று மாற்றுங்கள். திரையின் கீழே மூன்று பட்டன் வேண்டுமா, விரலால் தள்ளும் முறை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் மூன்று பட்டனையே வையுங்கள். அவர்கள் கை அதற்குப் பழகியது.

கேமரா

200 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்தாலும், கேமராவைத் திறந்து படம் எடுத்தால் 12 மெகாபிக்சல் படம்தான் கிடைக்கும். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சென்சாரில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு புள்ளியாக்குகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வருவது அதனால்தான். கல்யாண மண்டபத்தில், இரவு நேரத்தில் 12லேயே இருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் அசையாத காட்சியை, பின்னால் வெட்டிப் பெரிதாக்க வேண்டும் என்றால் 50க்கோ 200க்கோ மாறுங்கள். எந்நேரமும் 200 வைத்தால் சேமிப்பிடம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான் பலன்.

இந்தப் போனில் பின்னால் நான்கு கேமரா. அகலக் காட்சிக்கு 50 மெகாபிக்சல், முதன்மை 200, மூன்று மடங்கு ஜூமுக்கு 10, ஐந்து மடங்குக்கு 50. இதைத் தெரிந்துகொண்டால் ஜூம் செய்யும்போது எங்கே நிற்பது என்று புரியும். விரலால் பிடித்து இழுத்து 4.3, 7.8 என்று ஏதோ ஒரு இடத்தில் விடுவதைவிட, திரையில் இருக்கும் 3, 5, 10 என்ற எண்களைத் தட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் சிற்பங்களைத் தரையில் நின்றபடி 5 மடங்கில் எடுத்துப் பாருங்கள், கல்லில் உளி பட்ட தடம் வரை பார்க்க ஆசை வரும். ஆட்களின் முகத்துக்கு 3 மடங்கு நன்றாக இருக்கும்; மூக்கு பெரிதாகத் தெரியாது. 30க்கு மேல் போனால் பாதி கற்பனையாகத்தான் வரும், அடையாளம் தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

ஓடுகிற குழந்தையைப் படம் பிடிக்கும்போது கலங்கி வருகிறது என்ற புகார் சாம்சங் போன்களில் நெடுநாளாக உண்டு. அறைக்குள் என்றால் விளக்கைப் போடுங்கள், ஜன்னல் பக்கம் வரவழையுங்கள். கேலக்ஸி ஸ்டோரில் கேமரா அசிஸ்டன்ட் என்ற ஆப்பை எடுத்து, குவிக் டேப் ஷட்டரை ஆன் செய்தால் விரலை எடுக்கும்வரை காத்திராமல், தொட்டவுடனே படம் எடுக்கும். நல்ல வித்தியாசம் தெரியும்.

வீடியோவுக்கு 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் போதும். 8கேவை மறந்துவிடுங்கள். அப்புறம், எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்பதைத் தட்டி அனுப்புங்கள். பிரிண்ட் போடப் போகிற படமென்றால் டாகுமென்டாக அனுப்புங்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமரா கடைசி அடியில் வீணாகக்கூடாது. எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய துணியால் ஒருமுறை துடைப்பதும் அப்படித்தான். நான்கு கண்ணாடியிலும் விரல் எண்ணெய் படிந்திருக்கும், விளக்கு வெளிச்சம் கோடு கோடாக இழுப்பது அதனால்தான்.

தமிழில் பயன்படுத்த

சாம்சங் கீபோர்டிலேயே தமிழைச் சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிப் பழகியவர்களுக்கு கூகுளின் ஜிபோர்டு வசதி. தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவர்கள் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தை நிறுவிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தமிழ்99ஐத்தான் சொல்வேன். முதல் சில நாட்கள் கை தடுமாறும், அதற்குப் பிறகு நீளமான மெயில்கூடத் தமிழிலேயே எழுதிவிடுவீர்கள். அடிக்கவே சோம்பலாக இருந்தால் ஜிபோர்டின் மைக்கைத் தட்டித் தமிழில் பேசுங்கள், நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது.

ஜெமினியிடம் தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். மருந்து அளவு, சட்டம், பணம் போன்றவற்றில் அது சொல்வதை அப்படியே நம்பி இறங்காதீர்கள். புரியாத மொழியில் ஏதாவது திரையில் வந்தால் நடுப் பட்டனை, அல்லது கீழே உள்ள கோட்டை அழுத்திப் பிடியுங்கள். திரையில் உள்ளதைத் தேடித் தரும் சர்க்கிள் டு சர்ச் வரும், மொழிபெயர்ப்புக் குறியைத் தட்டினால் திரை முழுவதும் தமிழாகும்.

எஸ் பென்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், வாங்கியவர்களில் பலர் வெளியே எடுப்பதே இல்லை. போன் பூட்டியிருக்கும்போது பேனாவை உருவுங்கள். கறுப்புத் திரையிலேயே எழுதலாம். மளிகைப் பட்டியல், ஆட்டோ நம்பர், டாக்டர் சொன்ன அடுத்த தேதி என்று எழுதி பேனாவைத் திரும்பச் செருகினால் தானாகச் சேமித்துக்கொள்ளும். பிடிஎஃபில் கையெழுத்துப் போட்டு அனுப்ப பிரிண்டர் தேட வேண்டாம். முந்தைய அல்ட்ரா போன்களில் பேனாவின் பட்டனை அழுத்தித் தூரத்திலிருந்து போட்டோ எடுக்கலாம். எஸ்25 அல்ட்ராவின் பேனாவில் புளூடூத் இல்லாததால் அது முடியாது. அதற்குப் பதில் கேமரா முன் உள்ளங்கையைக் காட்டினால் டைமர் ஓடும்.

தண்ணீர்

ஐபி68 என்றால் நல்ல தண்ணீரில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மெரினா அலையும் குற்றால அருவியும் அந்தக் கணக்கில் வராது. உப்பு நீர் உலோக முனைகளை அரிக்கும், அருவியின் அழுத்தம் ரப்பர் அடைப்புகளைத் தாண்டும். தண்ணீர் புகுந்த போனுக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. மழையில் நனைந்தபிறகு சார்ஜ் போட்டால் துளிக் குறி காட்டி ஏற மறுக்கும். சார்ஜ் துளை உள்ள பக்கத்தைக் கீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் தூசிதான் துளைக்குள் போகும். அவசரமென்றால் போனைத் துடைத்து வயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம்.

பழைய போன்

எல்லாம் மாற்றியாயிற்று என்று அன்றைக்கே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். முடிந்தால் இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்திருங்கள். இரட்டைப் பாதுகாப்புக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப், குரல் பதிவுகள், போனிலேயே சேமித்த நோட்ஸ், காப்பகத்துக்குள் பூட்டிய கோப்புகள் போன்றவை விடுபட்டது அப்போதுதான் தெரியும்.

எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியானபின், முதலில் அதன் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அந்தக் கம்பெனியின் கணக்கு இருந்தால் அதையும். நீக்காமல் அழித்தால் வாங்குகிறவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். அதன்பின் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். கார்டு உள்ளேயே போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசியாகப் புது போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் பழைய போன் இன்னும் இருந்தால் அதிலிருந்து வெளியேற்றிவிடுங்கள்.